டூரிஸ்ட் விசாவில் வேலைக்குக் கூப்பிட்டால் போகாதீர்கள்

தம்பியின் நண்பனுக்குப் போன வாரம் ஒரு வேலை வந்தது. கம்போடியாவில் டேட்டா என்ட்ரி, மாதம் 80,000, சாப்பாடும் ரூமும் இலவசம். வாட்ஸ்அப்பில் வந்த அந்த ஆஃபர் லெட்டரைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. 2022-இல் எனக்கு வந்ததும் கிட்டத்தட்ட இதேதான். ஊர் மட்டும் பாங்காக்.

என்னை அனுப்பியவன் முன்பின் தெரியாத ஆள் இல்லை. கல்லூரியில் சீனியர், ஒரே பஸ்ஸில் போவோம். ‘டிஜிட்டல் மார்க்கெட்டிங்டா, ஈஸியான வேலை’ என்றான். வீடியோ காலில் பத்து நிமிட இன்டர்வியூ. பார்த்ததெல்லாம் டைப்பிங் வேகம்தான். அப்போதே உறைத்திருக்க வேண்டும். அம்மாவின் வளையலை அடகு வைத்து ஒன்றரை லட்சம் கட்டினேன். ‘முதலில் டூரிஸ்ட் விசா, போனதும் வொர்க் பெர்மிட்’ என்றான்.

பாங்காக்கில் இறங்கியதும் காரில் ஏற்றினார்கள். ஏழெட்டு மணி நேரம் ஓட்டம், நடுவில் இரண்டு தடவை வண்டி மாற்றம். மே சோட் என்ற எல்லை ஊருக்கு வந்தபோது இருட்டிவிட்டது. மோய் ஆறு நாங்கள் கடந்த இடத்தில் பெரிய வாய்க்கால் மாதிரிதான் இருந்தது. அக்கரையில் துப்பாக்கியோடு நின்றார்கள். அது மியான்மரின் மியாவாடி என்பதே மறுநாள்தான் தெரியும். பாஸ்போர்ட் கையைவிட்டுப் போயிருந்தது.

ஆளுக்கு நாலு போன். அதில் நான் சிங்கப்பூரில் கடை வைத்திருக்கும் பெண். அமெரிக்காவில் தனியாக இருக்கும் ஆண்களிடம் பேசிப் பழகி, மெதுவாகக் கிரிப்டோ என்ற டிஜிட்டல் காசில் பணம் போட வைத்துச் சுருட்ட வேண்டும். சீனக்காரர்கள் இதைப் பன்றி அறுப்பு என்பார்கள், கொழுக்க வைத்து அறுப்பது. ரிட்டயரான ஒருவர் தினமும் தன் நாயின் படத்தை அனுப்புவார். அதை இன்னும் மறக்க முடியவில்லை. டார்கெட் வராவிட்டால் தோப்புக்கரணம், அப்புறம் கரண்ட் குச்சி.

ஊருக்குப் போக வேண்டுமா? 5,000 டாலர் கட்டு, இல்லை ஊரிலிருந்து இரண்டு பேரைக் கொண்டுவா. சீனியர் எப்படி வெளியே வந்தான் என்று அப்போதுதான் புரிந்தது. நான் யாரையும் கூப்பிடவில்லை. அப்பா நிலத்தை விற்றார். ஆற்றைத் தாண்டித் திரும்பினால், சட்டவிரோதமாக நுழைந்ததாகத் தாய்லாந்து போலீஸ் உள்ளே வைத்தது. அந்தச் செப்டம்பரில்தான் நம் வெளியுறவு அமைச்சகம் இந்த வேலைகளைப் பற்றி எச்சரிக்கை விட்டதாம்.

இது ஏதோ பத்துப் பேர் கதை இல்லை. மியான்மரில் குறைந்தது 1,20,000 பேர், கம்போடியாவில் சுமார் ஒரு லட்சம் பேர் இப்படிச் சிக்கியிருக்கலாம் என்று 2023-இல் ஐ.நா. சொன்னது. 2025 மார்ச்சில் மே சோட்டிலிருந்து 549 இந்தியர்களை விமானப்படை விமானங்களில் கூட்டிவந்தார்கள்.

ஏர்போர்ட்டில் தடுப்பார்கள் என்று நம்ப வேண்டாம். வேலைக்காக வெளிநாடு போகிறவர்களிடம் அரசு பார்க்கும் குடியேற்ற அனுமதிச் சோதனை, பத்தாவது பாஸானவர்களுக்குக் கிடையாது. நாம்தான் பார்க்க வேண்டும். பதிவு பெற்ற ஏஜென்ட்டுகளின் பட்டியல் அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறது. அவர்கள் வாங்கக்கூடிய கட்டணமே 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். பாங்காக்வரை போய்விட்டீர்கள் என்றால் காரில் ஏறாமல் நேராக இந்தியத் தூதரகத்துக்குப் போங்கள்.

அந்தப் பையனிடம் ஏஜென்ட்டின் பதிவு எண்ணை மட்டும் கேட்கச் சொன்னேன். அவன் கேட்டதும் ப்ளூ டிக் விழுந்தது, ஏஜென்ட்டிடமிருந்து பதில் இல்லை. ராத்திரி பார்த்தால் புரொஃபைல் படத்தையும் காணோம்.