ஒற்றை பாய்லரா, இரட்டை பாய்லரா, லீவரா: பழைய எஸ்ப்ரெஸோ மெஷினை விற்பதற்கு முன்

"எஸ்ப்ரெஸோ மெஷின் ஒன்று கிடக்கிறது, எடுத்துக்கொள்கிறீர்களா?" என்று கும்பகோணத்தில் யாராவது போன் செய்தால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: காபித்தூள் போட்டுத் திருகி மாட்டும் கைப்பிடி இருக்கிறதா, இல்லை ஆவிக் குழாய் மட்டும்தானா? நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் 'எஸ்ப்ரெஸோ காபி' என்று நுரை பொங்கக் கொடுப்பார்களே, அந்த மெஷின் வெறும் நீராவி பாய்லர். இன்ஸ்டன்ட் தூளையும் சர்க்கரையையும் பாலில் போட்டு ஆவி விட்டுக் கலக்குவார்கள். முகூர்த்த மாதங்களில் நன்றாகவே உழைக்கும் சாமான் அது. ஆனால் அரைத்த தூளின் வழியே 9 பார் அழுத்தத்தில், அதாவது காற்றழுத்தத்தைப்போல் சுமார் ஒன்பது மடங்கில், வெந்நீரைத் தள்ள அதனால் ஆகாது. இரண்டையும் ஒரே பெயரில் விற்றால், வாங்கியவர் மறுநாளே வண்டியில் ஏற்றிக்கொண்டு திரும்பி வருவார்.

கைப்பிடி உள்ளதுதான் என்று தெரிந்த பிறகு சொட்டுத் தட்டைத் தூக்கிப் பாருங்கள். பெரும்பாலும் அதற்கு அடியிலோ பக்கத் தகட்டிலோ பெயர்த்தகடு இருக்கும். மாடல், சீரியல் எண், வோல்ட், கிலோவாட், பாய்லர் எத்தனை லிட்டர் என்று எல்லாம் அதில் இருக்கும். முகப்பில் ஒட்டிய ஸ்டிக்கரை நான் நம்புவதில்லை, அதை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். தகட்டில் லிட்டர் கணக்கு இரண்டாகப் பிரிந்திருந்தால் அது இரட்டை பாய்லர். ஒன்றே ஒன்று என்றால், உள்ளே குழாய் ஓடும் ஒற்றை பாய்லராக இருக்கும்.

இந்த ஒற்றை பாய்லர்தான் நம் பக்கம் அதிகம் கைக்கு வருகிறது. 1961-இல் வந்த இத்தாலிய மெஷின் ஃபேமா ஈ61 இந்த ஜாதி. அந்த வருடத்துச் சூரிய கிரகணத்தை வைத்துத்தான் அதற்கு அந்தப் பெயர். பாய்லருக்குள் சுமார் 1.1 பார் அழுத்தத்தில் 120 டிகிரிக்குச் சற்று மேல் கொதிநிலை இருக்கும். காபிக்கான தண்ணீர் அதற்குள் தனிக் குழாயில் ஓடி, தொண்ணூறு டிகிரிக்கு மேல் சூடாகி வெளியே வரும். இரட்டை பாய்லரில் காபிக்கு ஒன்று, ஆவிக்கு ஒன்று. லா மர்சோக்கோ என்ற இத்தாலியக் கம்பெனி 1970-இல் கொண்டுவந்த ஜிஎஸ் மாடல் இதற்குப் பெயர்பெற்றது. வெப்பநிலையை டிகிரி கணக்கில் பிடித்து வைக்கலாம், காபி ருசி பிசகாது. காபியில் உண்மையான அக்கறை உள்ளவருக்கு இதுதான் மேல், அதில் எனக்கு மறுப்பே இல்லை.

ஆனால் வாங்கி விற்கிறவன் கண்ணில் படுவது வேறு. 3 கிலோவாட் ஒற்றை பாய்லர் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர்தான் இழுக்கும், 16 ஆம்பியர் ப்ளக்கில் ஓடிவிடும். இரட்டை பாய்லர் 4.5 கிலோவாட் என்று வைத்தாலும் 20 ஆம்பியரை நெருங்கும். சின்னக் கடைக்குத் தனி லைன் இழுக்க வேண்டும், மின் இணைப்பில் லோடு கூட்ட வேண்டும். அந்தச் செலவு மெஷின் விலையில் எழுதியிருக்காது.

அடுத்தது தண்ணீர். திருவையாறு, சுவாமிமலைப் பக்கம் ஆற்றோரத் தண்ணீரில் ஓடிய மெஷினும், வேதாரண்யம் பக்கம் போர் தண்ணீரில் ஓடிய மெஷினும் ஒரே மாடலாக இருந்தாலும் ஒரே சாமான் அல்ல. நாகப்பட்டினம் பக்கம் மூடிக்கிடந்த கடை ஒன்றிலிருந்து ஒற்றை பாய்லர் மெஷின் எடுத்தேன். வெளியே கண்ணாடி மாதிரி பளபளப்பு. ஹீட்டரைக் கழற்றலாம் என்று போல்ட்டை எடுத்தால் ஹீட்டரே வெளியே வரவில்லை. சுற்றிலும் உப்பு கட்டி, உடைந்த அப்பளம் போலத் தகடு தகடாக உதிர்ந்தது. சிட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கரைத்தோம். கரைந்த பிறகுதான் குழாயில் ஊசித் துளை தெரிந்தது, அதுவரை உப்பே அதை அடைத்து வைத்திருந்தது. அதனால், உப்பு எடுப்பதற்கு முன் ஒரு சோதனை, எடுத்த பின் அதே சோதனை இன்னொரு முறை. இது எனக்கு விட்டுக்கொடுக்க முடியாத விதி.

துளையைக் கண்டுபிடிப்பது இப்படித்தான். மெஷின் சூடேறி நின்றதும், துளையில்லாத அடைப்பு வடிகட்டியைக் கைப்பிடியில் போட்டு மாட்டி பம்பை ஓட்டுங்கள். பிரஷர் மீட்டரின் முள் 9 பாருக்கு ஏறி ஆடாமல் நின்றால் பம்ப் நல்லது. அதே நேரம் கண்ணாடிக் குழாயில் பாய்லரின் நீர்மட்டத்தைப் பாருங்கள். அது மெல்ல ஏறினால் ஒன்று, நிரப்பும் வால்வு சரியாக மூடவில்லை; இல்லையென்றால் உள்குழாய் ஓட்டை. நிரப்பும் வால்வுக்குப் போகும் குழாயைக் கழற்றி வாயை அடைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். இப்போதும் ஏறினால் குழாய்தான். வால்வு சின்னச் செலவு. குழாய் என்றால் பாதி விலைக்குக் கேளுங்கள், இல்லை விட்டுவிடுங்கள். இன்னொன்று, சோதனைக்கு ஆர்ஓ கேன் தண்ணீரை ஊற்றாதீர்கள். அதில் உப்பு மிகக் குறைவு, மட்டம் பார்க்கும் கம்பிக்குச் சில மெஷின்களில் தண்ணீர் இருப்பதே தெரியாது. பாய்லர் நிரம்பி வழியும், நல்ல மெஷினை ரிப்பேர் என்று நினைத்துவிடுவீர்கள்.

இரட்டை பாய்லரில் இந்த உள்குழாய்க் கவலை பெரும்பாலும் இல்லை. அங்கே பார்க்க வேண்டியது வெல்டிங் ஓரம். ஸ்டெயின்லெஸ் பாய்லரைக் கடலோர உப்பு புள்ளி புள்ளியாக அரிக்கும். துரு நிறத்தில் ஈரப் பொட்டு தெரிந்தால் நான் பேரமே பேசுவதில்லை. ஒற்றை பாய்லரில் பிரஷர் ஸ்விட்ச் கருகினால் நம் எலக்ட்ரீஷியனே மாற்றிவிடுவார். இரட்டையில் எலக்ட்ரானிக் போர்டு போனால் வெளியூர் சர்வீஸ்காரருக்காகக் காத்திருக்க வேண்டும். பூட்டிய கடையில் எலி வயரைக் கடித்திருக்கும், அதையும் பாருங்கள்.

ஹீட்டர் சோதனை எல்லாவற்றுக்கும் பொது. 230 வோல்ட், 3 கிலோவாட் என்றால் மீட்டரில் 17 அல்லது 18 ஓம் காட்ட வேண்டும். எர்த்துக்குக் கசிவு இருக்கிறதா என்று மெக்கரில் (மின்காப்பைச் சோதிக்கும் மீட்டர்) பார்க்காமல் கரன்ட் கொடுக்கவே கூடாது.

கையால் நெம்புகோலை இழுத்துக் காபி இறக்கும் லீவர் மெஷின் அபூர்வமாகத்தான் வரும். இத்தாலியின் கஜ்ஜியா 1948-இல் ஸ்பிரிங் வைத்துக் கொண்டுவந்த முறை, காபிமேல் பொன்னிற நுரை வந்ததே அதிலிருந்துதான். அழுத்தத்தை ஸ்பிரிங்கே தருவதால் காபி இறக்கப் பம்ப் வேண்டாம், சிலவற்றில் கேஸ் பர்னரும் உண்டு. கரன்ட் போகும் ஊருக்கு அழகான மெஷின். தூள் போடாமல் லீவரை இழுத்து விட்டால் மட்டும் முகத்தில் அடித்துத் தாடையைப் பெயர்த்துவிடும். சோதிக்கும்போது பக்கத்தில் குழந்தைகள் இருக்கவே கூடாது. இதை வாங்குபவர் பத்தில் ஒருவர்கூட இல்லை என்பதால் நான் பணத்தை அதில் முடக்குவதில்லை.

டிகிரி காபிக் கடைக்காரர் பக்கத்தில் ஒரு எஸ்ப்ரெஸோவும் வைக்கலாம் என்று வந்தால் ஒற்றை பாய்லரையே சொல்வேன். அவருக்குப் பால் நுரைக்க ஆவி நிறைய வேண்டும், அதை அது தாராளமாகத் தரும். தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோடு மாதிரி இடத்தில் பால் சேர்க்காத காபியை நம்பிக் கடை போடுகிறவருக்கு, லைன் வசதியும் நல்ல ஃபில்டரும் இருந்தால் இரட்டை பாய்லர்.

பார்க்க வருகிறவர் எதிரேதான் ஸ்விட்சைப் போடுகிறேன், ஆறிய பாய்லரிலிருந்து. முன்பே சூடாக்கி வைத்தால், ஏறும்போது எங்கே சொட்டுகிறது என்பது அவருக்குத் தெரியாமலே போய்விடும். அந்த அரை மணி நேரமும் பக்கத் தகடு திறந்தே கிடக்கும், கையில் ஒரு டார்ச்சும் கொடுத்துவிடுவேன்.