வாத்தா, ஊசித்தட்டானா? சாந்தோஸ்-துமோனின் இரண்டு விமானங்கள்

அல்பெர்த்தோ சாந்தோஸ்-துமோன் என்றதும் எல்லாரும் எடுத்துக் காட்டும் படம் ஒன்றுதான்: பெட்டிப் பட்டங்களை ஒட்டவைத்தது போன்ற பெரிய வெள்ளை இறக்கைகள், முன்னால் நீண்ட கழுத்து, நடுவே தொப்பி போட்டு நின்றுகொண்டிருக்கும் குள்ளமான மனிதர். அது 14-பிஸ். பிரேசிலின் காப்பித் தோட்டக்காரர் மகனைப் பாரிசின் செல்லப்பிள்ளையாக்கிய ஆகாயக் கப்பல்களுக்கு அடுத்து வந்தது. ஆனால் அவருடைய சிறந்த விமானம் எது என்று என்னைக் கேட்டால், அதற்குப் பின் வந்த தெமுவாசெலைத்தான் சொல்வேன். பிரெஞ்சு மொழியில் அந்தச் சொல்லுக்கு இளம்பெண் என்றும் பொருள், ஊசித்தட்டான் என்றும் பொருள்.

முதலில் 14-பிஸ்ஸுக்குரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். 1906 அக்டோபர் 23 அன்று பாரிசின் பகட்டேல் மைதானத்தில் அது சுமார் 60 மீட்டர் பறந்தது. நவம்பர் 12 அன்று 220 மீட்டர், 21.5 விநாடி. தன் சக்கரத்தில் ஓடி, தன் எஞ்சின் பலத்திலேயே, ஊரே பார்த்துக்கொண்டிருக்கத் தரையை விட்டு எழுந்தது. ஐரோப்பாவில் அதற்கு முன் யாரும் இதைச் செய்து காட்டவில்லை. ரைட் சகோதரர்கள் 1903லேயே பறந்தவர்கள். யார் முதல்வர் என்ற வழக்கை இங்கே இழுக்க வேண்டாம்.

ஆனால் அதன் அமைப்பைப் பாருங்கள். அகலம் 11 மீட்டருக்கு மேல், எடை சுமார் 300 கிலோ, எஞ்சின் 50 குதிரைத்திறன். எஞ்சினும் விசிறியும் பின்னால். விமானத்தைத் திருப்பவும் ஏற்றி இறக்கவும் உதவும் பெட்டி முன்னால், கழுத்தின் நுனியில். அதனால்தான் அதை வாத்து என்றார்கள். வால் முன்னால் இருக்கும் விமானங்களை இன்றும் பொறியாளர்கள் வாத்துக்கான பிரெஞ்சுச் சொல்லால், கனார் என்றுதான் சொல்கிறார்கள். அமைப்பில் தவறில்லை, ஆனால் எடையைச் சரியாகப் பகிராவிட்டால் மூக்கு நிலைகொள்ளாமல் ஏறி இறங்கும். 14-பிஸ்ஸில் நடந்தது அதுதான். ஓட்டுபவர் பிரம்புக் கூடையில் நின்றபடியே இத்தனையையும் சமாளிக்க வேண்டும். பக்கவாட்டுச் சாய்வைத் திருத்த நவம்பரில் இறக்கைகளுக்கிடையே எண்கோணத் தகடுகளைப் பொருத்தினார். அவற்றின் கம்பிகள் அவர் தோளில் மாட்டிய வாரில் இணைந்திருந்தன. உடம்பைச் சாய்த்தால் தகடு அசையும். 1907 ஏப்ரலில் பாரிசுக்கு அருகிலுள்ள சான்-சீரில் 14-பிஸ் கடைசியாக எழும்பி, கீழே வந்து நொறுங்கியது.

தெமுவாசெலில் எல்லாம் இடம் மாறிவிட்டது. அவருடைய வரிசையில் எண் 19, 1907 நவம்பரில் பறந்தது, அதன் முதல் வடிவம். 1909இல் பறந்த எண் 20 தேறிய வடிவம். ஒரே அடுக்கு இறக்கை, அகலம் சுமார் 5 மீட்டர். இறக்கைப் பரப்பு 14-பிஸ்ஸில் ஏறக்குறைய 52 சதுர மீட்டர், இதில் பத்துதான். உடல் மூங்கில், எடை நூற்றுச் சொச்சம் கிலோ. எஞ்சின் முன்னால் இறக்கைமேல். அதற்குக் கீழே, சக்கரங்களுக்கு நடுவே, ஓட்டுபவரின் இருக்கை. கூட்டல் குறி போன்ற வால், எல்லாத் திசையிலும் அசையும் மூட்டில் பின்னால்.

நான் அதிகம் ரசிப்பது இதைத்தான்: வாத்தின் கழுத்து நுனியில் இருந்த அதே அசையும் மூட்டு, இங்கே வாலுக்குப் போயிருக்கிறது. உடம்பைச் சாய்த்துச் சமநிலை பிடிக்கும் யோசனையையும் அவர் விடவில்லை. அவர் போட்டிருக்கும் கோட்டின் முதுகுப்பக்கம் பொருந்திய ஒரு நெம்புகோல் இறக்கை நுனிகளை முறுக்கும். ஆக, பழையதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக யோசித்த ஆள் இல்லை இவர். சரியான யோசனையைச் சரியான இடத்துக்கு நகர்த்தியவர்.

பலன்? 14-பிஸ் வேகச் சாதனையாகப் பதிவுசெய்தது மணிக்கு 41 கிலோமீட்டர். 1909 செப்டம்பரில் சான்-சீரிலிருந்து பியுக் வரையுள்ள 8 கிலோமீட்டரைத் தெமுவாசெல் ஏறக்குறைய ஐந்து நிமிடத்தில் கடந்தது. கிளம்புவதற்கு 70 மீட்டர் ஓட்டமே போதுமாக இருந்தது. முன்னது ஒரு மைதானத்துக்குள் முடிந்த பறப்பு, பின்னது ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போன பயணம்.

குறையும் உண்டு. அது அவருடைய உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. அவர் எடை ஐம்பது கிலோ சொச்சம்தான். கனத்த ஆட்கள் ஏறினால் அந்தத் துள்ளல் இருக்காது. பயணிக்கு இடமே கிடையாது.

அப்புறம் இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியம். அவர் தெமுவாசெலுக்குக் காப்புரிமை வாங்கவில்லை. வேண்டியவர்கள் கட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். அதன் வரைபடங்கள் 1910இல் அமெரிக்காவின் பாப்புலர் மெக்கானிக்ஸ் இதழில் வந்தன. பிரான்சில் கிளெமான்-பயார் நிறுவனம் அதைத் தயாரித்து விற்றது. 14-பிஸ்ஸை இன்னொருவர் வாங்கி ஓட்டுவதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

தெமுவாசெலில் பறக்கக் கற்றவர்களில் ஒருவர் ரோலான் காரோஸ். பாரிஸ் டென்னிஸ் அரங்கின் பெயரில் இருப்பவர் அவரேதான். 1913இல் மத்தியதரைக் கடலை எங்கும் இறங்காமல் முதன்முதலில் பறந்து கடந்தார்.