டிவிக்குக் கீழே ஒரு நாஸ்டர் ரிலே: எட்டு மாத அனுபவம்

நாஸ்டர் என்பது ட்விட்டர் மாதிரி, ஆனால் ஒரே கம்பெனி கையில் இல்லாத சமூக வலை; பதிவுகளை ரிலே எனப்படும் பல சர்வர்கள் வாங்கி வைத்து, கேட்பவருக்குக் கொடுக்கும். அதில் மூன்று வருடமாக எழுதுகிறேன். போன வருடம், நான் நம்பியிருந்த ஒரு பொது ரிலே சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொண்டது. பழைய பதிவுகளில் பாதி வேறு ரிலேக்களில் கிடைத்தன; மீதி போனது போனதுதான். அப்புறம்தான் சொந்தமாக ஒன்றை வீட்டிலேயே ஓடவிடலாம் என்று நாஸ்டர்-ஆர்எஸ்-ரிலே என்ற மென்பொருளை எடுத்தேன். இலவசம். ரஸ்ட் மொழியில் எழுதியது. வருகிற பதிவுகளையெல்லாம் ஒரே எஸ்க்யூலைட் (SQLite) தரவுக் கோப்பில் போட்டு வைக்கும். நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை, கரூரில் ஆடிட்டர் ஆபீசில் கணக்கு பார்க்கிறவன். அந்த அளவுக்குத்தான் இந்த விமர்சனம்.

வீட்டில் சும்மா கிடந்த ராஸ்பெர்ரி பை 4 என்ற கையடக்கக் கம்ப்யூட்டரில் போட்டேன். மூல நிரலிலிருந்து அதிலேயே கம்பைல் செய்து ஓடும் புரோகிராமாக ஆக்கலாம் என்று ஆரம்பித்தது முட்டாள்தனம். மதியம் சாப்பிட்டு, தூங்கி எழுந்தும் ஓடிக்கொண்டே இருந்தது. தயாராகக் கட்டி வைத்த டாக்கர் பொதியைப் போட்டிருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும்.

என் ரிலேயின் முகவரியை, எல்லோரும் பார்க்கக்கூடிய என் ரிலே பட்டியலில் சேர்த்த மூன்றாம் நாள் இரவு, "ஏனுங்க, இது என்ன ராத்திரியெல்லாம் மினுக்கிட்டே கெடக்குது?" என்றாள் வீட்டுக்காரி. ராஸ்பெர்ரி பையின் பச்சை விளக்கு எஸ்டி கார்டில் எழுதும்போதெல்லாம் மினுங்கும். எழுந்து போய்ப் பார்த்தால், யார் யாரோ எந்தெந்த மொழியிலோ என் வீட்டு டிவிக்குக் கீழே விளம்பரம் கொட்டிக்கொண்டிருந்தார்கள். கதவைத் திறந்து போட்டது நான்தான், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

கான்ஃபிக் (அமைப்புகள்) கோப்பில், யாரெல்லாம் எழுதலாம் என்று பொதுச் சாவிகளை, அதாவது நாஸ்டரில் ஒவ்வொருவரையும் அடையாளம் காட்டும் நீள எழுத்து வரிசைகளை, கொடுக்க ஓர் இடம் உண்டு. என் சாவியை மட்டும் கொடுத்தேன். என் பதிவையே ஏற்கவில்லை! ஒரு மணி நேரம் மண்டையை உடைத்த பிறகுதான் புரிந்தது: 'என்பப்' என்று தொடங்கும் வடிவம் அதற்கு ஆகாது, 0-9, a-f மட்டும் வரும் 64 எழுத்து ஹெக்ஸ் வடிவம்தான் வேண்டும். எல்லா ஆப்பிலும் ஒரு வடிவத்தைக் காட்டிவிட்டு இங்கே மட்டும் இன்னொன்று கேட்டால் என்னைப் போன்றவன் என்ன செய்வான்?

சரி, குப்பை நின்றது. கூடவே இன்னொன்றும் நின்றது. மற்றவர்கள் எனக்கு எழுதும் பதில்கள் அவரவர் சாவியில் டிஜிட்டல் கையெழுத்தாகி வருபவை; அந்தச் சாவிகள் என் பட்டியலில் இல்லாததால் அவையும் வாசலோடு திரும்பிவிடும். ஆக, எந்தப் பேச்சிலும் என் பக்கம் மட்டும்தான் என்னிடம் இருக்கிறது. போனில் ஒருவர் பேசுவது மட்டும் கேட்கிற மாதிரி. ஹேவன் என்ற இன்னொரு ரிலேயில் நம்மைக் குறிப்பிட்டு வரும் பதிவுகளுக்குத் தனி அறையே உண்டு, படங்களை வைக்கவும் இடம் உண்டு. இதில் படம் கிடையாது, அதன் லிங்க் மட்டும்தான். படத்தை வைத்திருப்பவன் கடையை மூடினால் படமும் போச்சு.

வீட்டு இணைப்பில் தனி ஐபி இல்லாததால் வெளியிலிருந்து நேராக வர வழியில்லை. கிளவுட்ஃபிளேர் கம்பெனி வழியாக வீட்டு ரிலேயை இணையத்தோடு சேர்க்கும் டனல் போட்டிருக்கிறேன். பெரிய கம்பெனிகளை நம்பாமல் இருக்கத்தான் இவ்வளவும். கடைசியில் வாசல் ஒரு பெரிய கம்பெனியுடையது. சிரிப்புதான் வருகிறது.

கரண்ட் போய்ப் போய் வந்ததில் இரண்டாம் மாதமே எஸ்டி கார்டு செத்தது. இப்போது எஸ்எஸ்டி, ரவுட்டருக்கு வாங்கிய சின்ன யுபிஎஸ். மின்சாரம் மாதம் மூன்று யூனிட் அளவுக்குத்தான் இழுக்கிறது. டொமைன் பெயருக்கு வருடத்துக்கு ஒருமுறை காசு கட்ட வேண்டும். என் எழுத்து முழுவதும் சில எம்பிக்குள் அடங்கிவிட்டது. கொஞ்சம் அவமானமாகத்தான் இருக்கிறது.

போன மாதம் நண்பர் ஒருவர் புதிதாக ஒரு ரிலே தொடங்கினார். என் கோப்பிலிருந்து எல்லாவற்றையும் அதற்கு அனுப்பினேன். ஒவ்வொன்றிலும் என் கையெழுத்து உள்ளேயே இருப்பதால் பழைய தேதியோடு அப்படியே போய் உட்கார்ந்தன; இது நான் எழுதியதுதானா என்று அவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை. இதற்காகவே எட்டு மாதப் பாடு தகும்.

ஐந்துக்கு மூன்றரை. அந்த ஹெக்ஸ் கூத்து இல்லாவிட்டால் நாலு கொடுத்திருப்பேன்.