ஆடியோ இன்டர்ஃபேஸ்: நேரடி போர்ட்டா, பவர்டு ஹப்பா?

மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸில், கண்டென்சர் மைக்குக்கு மின்சாரம் அனுப்பும் 48 வோல்ட் ஃபேன்டம் பவர் பட்டனை அழுத்தியதும் விளக்கு ஒருமுறை மங்கி, கணினியில் 'டிஸ்கனெக்ட்' ஒலி கேட்கிறதா? யூஎஸ்பி போர்ட் கொடுக்கும் மின்சாரம் போதவில்லை என்றே முதலில் சந்தேகப்படுங்கள். கணினியில் நேரடியாகச் செருகுவதா, ஒரு போர்ட்டைப் பலவாக்கும், சொந்த அடாப்டர் உள்ள பவர்டு ஹப் வழியாகவா என்று ஒப்பிடுவோம்.

மின்சாரம்
நேரடி: யூஎஸ்பி 2.0 போர்ட்டில் 500 மில்லிஆம்ப், 3.0-வில் 900. சின்ன இன்டர்ஃபேஸுக்குப் பெரும்பாலும் போதும்.
ஹப்: சொந்த அடாப்டர் இருப்பதால் தாராளம். அடாப்டர் இல்லாத ஹப் இந்தப் போட்டியிலேயே இல்லை. ஒரே போர்ட்டின் மின்சாரத்தைத்தான் எல்லோருக்கும் பங்கு வைக்கிறது.

இரைச்சல்
நேரடி: லேப்டாப் சார்ஜரைக் கழற்றியதும் 'ம்ம்' சத்தம் நின்றால் கிரவுண்ட் லூப்பாக (எர்த் இணைப்புகள் வழியே இரைச்சல் புகுவது) இருக்கலாம்.
ஹப்: மட்டமான அடாப்டர் தானே புது இரைச்சலைக் கொண்டுவரும்.

நிலைத்தன்மை
நேரடி: கேபிள் ஒன்றுதான் பலவீனம்.
ஹப்: அதே ஹப்பில் வெப்கேமும் ஹார்ட் டிஸ்க்கும் தொங்கினால் ஒலி 'பட் பட்' என்று வெடிக்கும்.

காசு செலவழிக்கும் முன் குட்டையான வேறு கேபிளைப் போட்டுப் பாருங்கள். டெஸ்க்டாப் என்றால் முன்பக்கத்தை விட்டு, மதர்போர்டிலேயே இருக்கும் பின்பக்க போர்ட்டில் செருகுங்கள். விண்டோஸில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் 'யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்'டை (சும்மா இருக்கும் யூஎஸ்பி சாதனத்தைத் தூங்க வைக்கும் வசதி) அணையுங்கள். பாதித் தொல்லை இங்கேயே தீரும்.

ஒன்றிரண்டு மைக் என்றால் நேரடி போர்ட்டே என் தேர்வு. போர்ட் குறைந்த லேப்டாப்பில் மிடி கீபோர்டும் (இசை வாசிக்கும் கீபோர்டு) சேர்ந்தால் பவர்டு ஹப். ஹார்ட் டிஸ்க்கை மட்டும் வேறு போர்ட்டுக்கு மாற்றிவிடுங்கள்.