சாவி டைமரும் 25 நிமிடமும்: இரண்டரை வருஷம் வைத்துப் படித்த பிறகு

போன மாதம், நான் நேரம் வைத்துப் படிக்கிற திருகு டைமர் அலமாரியிலிருந்து கீழே விழுந்தது. எடுத்துத் திருகிப் பார்த்தால் ஓடியது, டிக் டிக் சத்தமும் கேட்டது. மணி மட்டும் அடிக்கவில்லை. பதினொரு நாள் அப்படியே வைத்துப் படித்துவிட்டு, டவுன்ஹால் ரோட்டில் கண்ணாடிப் பெட்டி வைத்து உட்கார்ந்திருக்கும் வாட்ச் ரிப்பேர்க்காரரிடம் கொண்டுபோனேன். பின்பக்கத்து மூடியைக் கழற்றி எனக்குக் காட்டினார். "வில்லுக்கு ஒண்ணும் ஆகல தம்பி. சுத்தியல்தான் வளைஞ்சு தகட்டுல ஒட்டிக்கிச்சு." இடுக்கியால் நிமிர்த்தி ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். 80 ரூபாய். பாத்திரக்கடையில் 220 ரூபாய்க்கு வாங்கிய டைமர் அது.

அன்று ராத்திரியே எங்கள் தெருப் பையன் ஒருவன், முதல் தடவையாக அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு எழுதப் போகிறவன், கேட்டான்: "அண்ணே, நீங்க வச்சுப் படிக்கிறீங்களே அந்த டைமர், நானும் ஒண்ணு வாங்கவா? இப்ப விலை வேற குறைஞ்சிருக்கு." உடனே பதில் சொல்ல வரவில்லை. அவனுக்குச் சொல்ல வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு, நாலு சுற்று முடிந்ததும் பெரிய ஓய்வு. பொமோடோரோ என்று சொல்லும் இந்த முறை போட்டித் தேர்வுக்குப் படிக்கிற எல்லாருக்கும் தெரியும். 1980-களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிக்காரர், கல்லூரியில் படித்த காலத்தில், தக்காளி வடிவச் சமையலறை டைமர் ஒன்றை வைத்து உண்டாக்கினார். இத்தாலிய மொழியில் பொமோடோரோ என்றால் தக்காளி. என்னுடையது வெள்ளை வட்டம், தக்காளி இல்லை.

முதலில் இது எனக்குச் செய்த நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்ப்பது நாட்டு மருந்துக் கடையில், மாலை 4 மணியிலிருந்து இரவு 10 மணி வரை. படிப்புக்கு எனக்குக் கிடைப்பது விடியற்காலையும் முற்பகலும்தான். 2023 ஜூன் வரை போனில்தான் நேரம் வைத்துக்கொண்டிருந்தேன். டைமரை அமுக்கப் போனைத் திறப்பேன், யாரோ ஸ்டேட்டஸ் போட்டிருப்பார்கள், பார்த்துவிட்டு நிமிர்ந்தால் 20 நிமிடம் போயிருக்கும். சாவி டைமர் வந்த பிறகு போன் அம்மாவின் அறையில் சார்ஜில் கிடக்கும். காலை 4.45-க்கு எழுந்து முகம் கழுவி, டைமரைத் திருகி மேஜையில் வைத்துவிட்டால் போதும், உட்கார்ந்துவிடலாம். அந்தத் திருகலில் ஒரு தொடக்கம் இருக்கிறது. படிக்க மனமில்லாத நாளிலும் "25 நிமிடம்தானே" என்று ஆரம்பித்து, மூன்று சுற்று ஓட்டிய காலைகள் நிறைய. இந்த இரண்டரை வருஷத்தில் காலைப் படிப்பு விட்டுப்போன நாட்கள் மிகக் குறைவு. இதற்கு அந்த டைமருக்கு நான் கடன்பட்டவன்.

இனி என் கோபம். மணி.

கணக்குப் போடும்போது இந்த மணி செய்கிற கெடுதல் கொஞ்சநஞ்சம் இல்லை. வேலையும் நேரமும் பகுதியில் சாதாரணமான ஒரு கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 18 பேர் ஒரு வேலையை 12 நாளில் முடிப்பார்கள். 4 நாள் கழித்து 6 பேர் விலகிவிட்டார்கள். மீதி வேலை முடிய இன்னும் எத்தனை நாள்? மொத்த வேலை 216, முடிந்தது 72, மீதி 144 என்று வரிசையாக வந்து, 144-ஐ எழுதிக் கோடு போடுகிற நேரத்தில் கிணிங் என்று அடிக்கும். மணி அடித்தால் பேனாவைக் கீழே வைக்க வேண்டும் என்பது அந்த முறையின் விதி. நானும் விதியை மதித்து எழுந்து, தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்காருவேன். தாளில் 144 இருக்கும். அது எங்கிருந்து வந்தது என்று தலையில் இருக்காது. திரும்ப 18 பெருக்கல் 12-லிருந்து தொடங்க வேண்டும். மீதிப் பேர் 12, ஆகவே 12 நாள். பத்து விநாடியில் முடிந்திருக்க வேண்டிய விடை.

இது ஒரு தடவை நடந்தால் பொறுத்துக்கொள்ளலாம். கணக்குப் படிக்கிற நாளில் மூன்று தடவை, நாலு தடவை நடக்கும். கூட்டு வட்டியில் இரண்டாம் வருஷ அசல் கண்டுபிடிக்கும்போது அடிக்கும். எண் தொடரில் வித்தியாசத்தின் வித்தியாசத்தைப் பிடித்த நொடியில் அடிக்கும். கடைசி ஐந்து நிமிடம் கண் டைமரின் மேலேயே இருக்கும், "இந்தக் கணக்கை ஆரம்பிக்கலாமா, வேண்டாமா" என்று. அந்த ஐந்து நிமிடமும் வீண்தான். இரண்டரை வருஷத்தில் இதற்கு நான் பழகவில்லை. பழகிவிடும் என்று சொன்னவர்கள் மேல் இன்றும் எனக்கு வருத்தம் உண்டு.

நூலகத்துக்குக் கொண்டுபோவதைப் பற்றி ஒரு வார்த்தை. 2023 ஜூலை 15-இல் மதுரை புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்ததிலிருந்து முற்பகல் படிப்பு அங்கேதான். முதல் வாரமே டிக் டிக் சத்தத்துக்குப் பக்கத்தில் இருந்த அக்கா திரும்பிப் பார்த்தார். அவர் பார்த்ததில் தப்பில்லை. அதிலிருந்து அதை வீட்டோடு வைத்துவிட்டேன்.

மணியைவிடப் பெரிய கெடுதல் ஒன்றை ஒரு வருஷம் கழித்துத்தான் கண்டுகொண்டேன். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் நோட்டில் ஒரு கோடு போடுவேன். 12 கோடு என்றால் 300 நிமிடம், முழுசாக 5 மணி நேரம். 12 கோடு விழுந்த நாளில் நிம்மதியாகத் தூங்குவேன். பதினெண்கீழ்க்கணக்கு என்ற பதினெட்டுப் பழைய நூல்களுக்கு மட்டும் நாலு நாளில் பதினாறு கோடு. ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை தமிழ்ப் புத்தகத்தில் நூலையும் ஆசிரியரையும் பற்றிச் சொல்கிற நூல்வெளிப் பெட்டிகள் எல்லாம் மஞ்சள் மை பூசி ஒளிர்ந்தன.

2024 தேர்வுக்கு மூன்று வாரம் முன்னால் எழுதிய மாதிரித் தேர்வில், அந்தப் பதினெட்டில் ஒன்றான ஏலாதியின் ஆசிரியர் யார் என்று கேட்டிருந்தார்கள். காரியாசானா, கணிமேதாவியாரா? இருவரும் மாக்காயனாரின் மாணவர்கள் என்பது நினைவுக்கு வந்தது, அந்தப் பக்கத்தில் பூசிய மஞ்சள் மைகூடக் கண்ணில் தெரிந்தது. எந்த நூல் யாருடையது என்பது மட்டும் வரவில்லை. காரியாசானைக் குறித்தேன், தப்பு. அடுத்த கேள்வி, காரியாசான் எழுதிய சிறுபஞ்சமூலத்தின் பெயர் குறிக்கிற ஐந்து வேர்கள். கண்டங்கத்திரியும் நெருஞ்சிலும் எங்கள் கடையில் நாள் தவறாமல் போகிற சரக்கு. என் கையாலேயே நிறுத்துப் பொட்டலம் கட்டுகிறேன். சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி என்ற மற்ற மூன்றும் வரவில்லை. அன்று கடையில் நிற்கும்போது அழுகை வந்துவிட்டது. ஜூன் 9-ஆம் தேதி எழுதிய தேர்வில் தமிழில் 100 கேள்விக்கு 78 சரி. அந்த வருஷப் போட்டியில் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

நோட்டை எடுத்துக் கோடுகளைப் பார்த்தேன். உட்கார்ந்திருந்தேன் என்பதற்கு அத்தனையும் சாட்சி. படித்தேன் என்பதற்கு ஒன்றும் இல்லை.

படிப்பைப் பற்றிய ஆராய்ச்சிகளை அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். சிலரைத் திரும்பத் திரும்பப் படிக்க வைத்தார்கள், சிலரைப் பத்தியைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுத வைத்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். என் வியாதி அந்த முதல் ஐந்து நிமிடம்தான் என்று அப்போது புரிந்தது. மணி அடிக்கிற நேரத்தில் எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும், அந்தத் தெம்பில் கோடு போட்டுவிடுவேன்.

அதன் பிறகு டைமரை விடவில்லை, கோட்டை மாற்றினேன். மணி அடித்ததும் புத்தகத்தை மூடிவிடுவேன். கடையிலிருந்து கொண்டுவந்த பொட்டலத் தாளில், படித்ததைப் பார்க்காமல் எழுதுவேன். எழுதி முடித்துப் புத்தகத்தைத் திறந்து, விட்டதைச் சிவப்பு மையில் எழுதுவேன். ஓய்வு அதற்குப் பிறகு. முதல் நாள் பதினெண்கீழ்க்கணக்கில் 13 நூல்தான் வந்தது, ஆசிரியர்கள் 7 பேர். வெட்கமாக இருந்தது. மறுநாள் காலை புத்தகத்தைத் திறக்காமலே திரும்ப எழுதினேன், மூன்று நாள் கழித்து ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை. அறம் 11, அகம் 6, புறத்துக்குக் களவழி நாற்பது ஒன்று என்று பிரித்துக்கொண்டதும் பிடி கிடைத்தது. கணிமேதாவியாருக்கு ஏலாதியோடு திணைமாலை நூற்றைம்பதும் உண்டு என்று சேர்த்து எழுதியதிலிருந்து காரியாசானோடு குழப்பம் வரவே இல்லை. இப்போது பதினெட்டும் ஆசிரியர் பெயரோடு நாலு நிமிடத்தில் எழுதிவிடுவேன்.

இதில் நான் எதிர்பார்க்காத சந்தோஷம் கடையில் கிடைத்தது. மார்கழியில் ஒரு பாட்டி வந்து, "சுக்கு, மிளகு, திப்பிலி சம அளவு போடுப்பா" என்றார். தராசில் போடும்போதே திரிகடுகம், நல்லாதனார் என்று வாய் முணுமுணுத்தது. அதோடு ஏலமும் இலவங்கமும் சிறுநாவற்பூவும் சேர்த்தால் ஏலாதி. புத்தகமும் இல்லை, டைமரும் இல்லை, தானாக வந்தது. பாட்டி "என்னப்பா சொல்ற?" என்று கேட்டார். சொன்னேன். "அப்ப மருந்துப் பேரைத்தான் புத்தகத்துக்கு வச்சிருக்காங்களா" என்று ஆச்சரியப்பட்டார். அதற்குப் பிறகு கடை நேரமும் படிப்பு நேரம் ஆகிவிட்டது. ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம், நோட்டில் ஒரு கோடுகூட விழாமல்.

தேர்வு ஹாலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 200 கேள்வி, 3 மணி நேரம். ஒரு கேள்விக்கு 54 விநாடி, வட்டம் நிரப்புவதும் அதற்குள்ளேதான். 9.30-க்கு உட்கார்ந்தால் 12.30 வரை எழுந்திருக்க முடியாது. 25 நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து பழகிய உடம்பு 10 மணிக்கே நெளிய ஆரம்பிக்கிறது. 2024-இல் எனக்கு அதுதான் நடந்தது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலையில் டைமரைத் தொடுவதில்லை. பழைய வினாத்தாள், கருப்புப் பேனா, சுவர்க் கடிகாரம், மூன்று மணி நேரம். 2025 ஜூலை 12 அன்று நடந்த குரூப் 4 தேர்வில் கடைசிவரை அசையாமல் உட்கார முடிந்தது. இப்போது குரூப் 2-க்குப் படிக்கும்போதும் இதே வழக்கம்தான்.

மணி அடிக்காமல் இருந்த அந்தப் பதினொரு நாளுக்கு வருகிறேன். அந்த நாட்களில் கணக்கு ஓடியதைப் போல அதற்கு முன் ஓடியதே இல்லை. ஒரு கணக்கை முடித்துவிட்டு நிமிர்ந்தால் முள் பூஜ்யத்தில் நிற்கும். சில நாள் 31 நிமிடம், சில நாள் 40. முடிந்த இடத்தில் எழுந்தேன், முடிந்த இடத்திலேயே வந்து உட்கார்ந்தேன். தமிழில்தான் சிக்கல் வந்தது. மணி இல்லாமல் புத்தகத்தை மூடத் தோன்றவில்லை, படித்துக்கொண்டே போய்விட்டேன். ரிப்பேருக்குக் கொடுத்ததே அதற்காகத்தான். ஆனால் சரியாகி வந்த மறுநாள் காலையில் லாப நட்டக் கணக்கில் அடக்கவிலையைக் கண்டுபிடிக்கும் வரியில் அடித்தது பாருங்கள், எண்ணெய் போட்டதால் முன்னைவிடச் சத்தமாக. 80 ரூபாய் கொடுத்து இந்தத் தொல்லையைத் திரும்ப வாங்கி வந்தேனே என்று மனசு கொதித்தது. அந்தக் கொதிப்பு இன்னும் அடங்கவில்லை.

அதனால் தம்பி, வாங்காதே. விலை குறைந்திருந்தாலும் வேண்டாம். அந்தக் காசுக்கு இரண்டு நோட்டும் ஒரு சிவப்புப் பேனாவும் வாங்கு. நான் கணக்குக்கு இதை இனித் தொடப் போவதில்லை. தமிழுக்கும் வரலாற்றுக்கும் புத்தகத்தை மூடுகிற பழக்கம் மணி இல்லாமலே வருகிறதா என்று ஒரு மாதம் பார்க்கப் போகிறேன். அதுவரை என்னுடையதை நீ வைத்துக்கொள். போனை விட்டு எழுந்து உட்காருகிற பழக்கம் உனக்கு வரட்டும், பிறகு திருப்பிக் கொடு. ஞாயிற்றுக்கிழமை மதியம் வா, காலையில் மாதிரித் தேர்வு எழுதுவேன். வைக்கும்போது நேராக 25-க்குத் திருகாதே, வில் இறுகாது, பாதியில் நின்றுவிடும். 55 வரை கொண்டுபோய்விட்டு 25-க்குத் திருப்பு.