தம்பிக்கு நெஞ்சுவலி, எடுக்க மறுத்த இசிஜி

அப்பச்சியோட (எங்க பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) எழுபதாம் சாந்திக்கு லண்டன்ல இருந்து காரைக்குடி வந்தோம். சாந்தி நல்லபடியா நடந்துச்சு, அதை விடுங்க. எனக்கு இன்னும் ஆறாதது மறுநாள் ராத்திரி நடந்ததுதான்.

தம்பிக்கு 41 வயசு, பைபோலார்னு, அதாவது மனநிலை ஒரேயடியா ஏறி எறங்குற மனநோய்னு, தெரிஞ்சு 16 வருஷம் ஆச்சு. முகப்புல உக்காந்திருந்தவன் திடீர்னு "ஆச்சி, நெஞ்ச அமுக்குது"ங்கறான் (அக்காவ நாங்க ஆச்சின்னுதான் கூப்பிடுவோம்), சட்டையெல்லாம் வேர்வை. பக்கத்துல ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடுனோம். என்ன மாத்திரை சாப்பிடுறார்னு டியூட்டி டாக்டர் கேட்டாரு, பைபோலாருக்குச் சாப்பிடுற லித்தியம், ஒலான்சபைன்னு சொன்னேன். அதோட பேச்சே மாறிப்போச்சு. "நரம்பு மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு இப்படி பதட்டம் வரும்மா, தூங்குனா சரியாயிடும்"னுட்டாரு. இசிஜி மெஷின் கைக்கெட்டுற தூரத்துல பச்சைத் துணி போத்திக் கெடக்கு!

பைபோலார் உள்ளவங்களுக்குத்தானே இதய நோய் மத்தவங்களவிட அதிகமா, முன்னாடியே வருது? அமெரிக்க இதய சங்கம் 2015லயே இதைப்பத்தி அறிக்கை விட்டுருக்கு. காரணம், உடம்புக்குள்ள அழற்சி, கெட்டுப்போன தூக்கம், சிகரெட்டு, அதுக்கு மேல ஒலான்சபைன் ஏத்துற எடையும் சுகரும். தம்பி 18 கிலோ ஏறிட்டான். அதுக்காக மாத்திரைய நிறுத்தவும் முடியாது, அவன் நல்லா இருக்கறதே அதாலதான். லண்டன்ல பைபோலார்னா வருஷத்துக்கு ஒருதரம் எடை, பிபி, சுகர், கொழுப்பு எல்லாம் பாக்கணும்னு வழிகாட்டுதலே இருக்கு. இங்க ராத்திரி பத்து மணிக்கும் நேரா போய் டாக்டரைப் பாக்கலாம், அங்க அது அவ்வளவு சுலபமா நடக்காது, ஆனா பாத்து என்ன, நெஞ்சுல கைவச்சுப் பாக்கலையே!

நான் நகர மாட்டேன்னு நின்னப்புறம் எடுத்தாங்க, அஞ்சு நிமிஷம்கூட ஆகல. முருகன் புண்ணியத்துல இசிஜியும் ரத்த டெஸ்டும் மாரடைப்பு இல்லைன்னு சொல்லிருச்சு. ஆனா பிபி 170/100, சுகர் 290. இத்தனை வருஷமா மாசாமாசம் மாத்திரை சீட்டு எழுதுனவங்க யாருமே இதைப் பாக்கல.

மறுநாள் காலையில மக்களைத் தேடி மருத்துவம் அக்கா ஆத்தாவுக்கு, அதான் எங்க அம்மாவுக்கு, பிபி பாக்க வந்தாங்க. வீட்டு வாசலுக்கே வர்றாங்க, லண்டன்ல எனக்கு இது கெடைக்காது. தம்பி கதையக் கேட்டுட்டு வளவுத் தூணோரமா அவனையும் உக்கார வச்சு பட்டையச் சுத்துனாங்க, நோட்டுல ஆத்தா பேருக்குக் கீழ அவன் பேரையும் எழுதிக்கிட்டாங்க. அப்பறம் "லித்தியம் சாப்பிடுறீங்களா? சில பிபி மாத்திரை அதோட சேராது தம்பி, சீட்டைக் குடுங்க, டாக்டர்கிட்ட காட்டிக் கேட்டுட்டுதான் உங்களுக்குத் தருவேன்"னாங்க. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.