பட்டா உண்டு, வழி இல்லை: கோடோவோடு நாலு வருஷம்

திருவாரூரில் இருக்கும் கல்லூரி நண்பன் போன வாரம் கூப்பிட்டான். "மாப்ள, கன்சோலுக்கு ஒரு கேம் பண்ணலாம்னு இருக்கோம். நீதான் கோடோ எஞ்சின்ல குடித்தனம் நடத்துறியே, எப்படி?" கன்சோல் என்றால் பிளேஸ்டேஷன் மாதிரி ஆட்டத்துக்கென்றே இருக்கும் பெட்டி. கோடோ, ஆட்டம் உருவாக்கும் இலவச மென்பொருள்; உள்ளே இருக்கும் நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம். முக்கால் மணி நேரம் கோடோவைத் திட்டித் தீர்த்தேன். "அப்ப வேணாங்குற?" என்றான். "நான் எப்ப அப்படிச் சொன்னேன்?" என்றேன். போனில் பேசித் தேறாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

நாங்கள் மூன்று பேர். மன்னார்குடி பக்கம் கோட்டூரில் எங்கள் வீட்டு மாடிதான் ஆபீஸ். மடையைத் திறந்து மூடி, கடைமடை வயல் வரை தண்ணீர் கொண்டுபோகிற புதிர் ஆட்டம் எங்களுடையது. 2022-இல் தொடங்கும்போது கோடோ 3-ஆம் பதிப்பில் இருந்தது. அதில் தமிழ் எழுத்து ஒழுங்காகக் கோக்காது. "கோட்டூர்" என்று அடித்தால் இரட்டைக்கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். எங்கள் ஊர்ப் பெயரையே படமாக வரைந்து ஒட்டினேன். 2023 மார்ச்சில் 4.0 வந்தது. முதல் வேலையாக ஊர்ப் பெயரை அடித்தேன். கொம்பு போய்த் தன் இடத்தில் நின்றது. கீழே ஓடிப்போய் அம்மாவைக் கூட்டிவந்து காட்டினேன். "இதுல என்னடா இருக்கு?" என்றார். அந்தச் சந்தோஷம் இன்றைக்கும் குறையவில்லை. நூறு எம்.பி.கூட வராத ஜிப், பழைய லேப்டாப்பிலும் ஓடுகிறது, யாரும் எதற்கும் எடுத்துக்கொள்ளலாம் என்கிற எம்ஐடி உரிமம், ஒரு பைசா கிடையாது. இதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

அந்த 2023 செப்டம்பரில் போட்டி எஞ்சினான யூனிட்டி, ஆட்டம் ஒவ்வொரு முறை நிறுவப்படும்போதும் கட்டணம் என்று அறிவித்ததே, அன்றைக்கு டீக்கடையில் நான் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! சரியாக ஒரு வருஷம் கழித்து, 2024 செப்டம்பரில், அதை முழுசாகக் கைவிட்டுவிட்டார்கள். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சிரிப்பு அடங்கியது கன்சோல் என்று பேச்சு வந்த பிறகு. கன்சோல் கம்பெனிகளின் மென்பொருள் கருவிகள் எல்லாம் ரகசிய ஒப்பந்தத்துக்குள் இருப்பவை. யாரும் பார்க்கலாம் என்று திறந்து வைத்திருக்கும் எஞ்சினுக்குள் அந்த நிரலைச் சேர்க்க முடியாது. ஆகவே கோடோவில் விண்டோஸுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் இருப்பதுபோல் கன்சோலுக்கு ஏற்றுமதிப் பொத்தான் இல்லை. நாமே அந்தப் பகுதியை எழுத வேண்டும், இல்லாவிட்டால் ஆட்டத்தைக் கன்சோலில் ஓடும்படி மாற்றி (போர்ட் செய்து) கொடுக்கும் கம்பெனியிடம் போக வேண்டும். கோடோவைத் தொடங்கியவர்களில் ஒருவரும் கோடோவின் முன்னணி ஆட்கள் சிலரும் 2022-இல் சேர்ந்து ஆரம்பித்த டபிள்யூ4 கேம்ஸ் இதையும் செய்கிறது. நாங்கள் போனது வேறு ஒரு இடம், பெயர் வேண்டாம்.

அந்த இடத்தில் கையில் காசு வேண்டாம், வருமானத்தில் பங்கு கொடு என்றார்கள். நல்ல மனுஷர்கள் என்று நினைத்தோம். நூறு ரூபாய்க்கு விற்றால் கன்சோலின் ஆன்லைன் கடை முப்பது எடுத்துக்கொள்ளும். மிச்சம் எழுபதில் இவர்களுக்குக் கால் பங்கு. எங்கள் கைக்கு 52 ரூபாய் 50 காசு. அதை மூன்று பேர் பிரிக்க வேண்டும், வரி தனி.

அப்பாவிடம் கணக்கைச் சொன்னேன். கோயில் நிலத்தைக் குத்தகைக்குப் பார்ப்பவர், ஒரே நிமிஷத்தில் பிடித்துக்கொண்டார். யூனிட்டி புரோ ஆளுக்கு வருஷம் 2,200 டாலர் (2025 விலை), விளைந்தாலும் விளையாவிட்டாலும் கட்டணும் என்றேன். "அது குத்தகை." அன்ரியல் என்கிற இன்னொரு எஞ்சின், ஒரு ஆட்டத்துக்கு முதல் பத்து லட்சம் டாலர் வருமானம் வரைக்கும் ஒன்றும் கேட்காது, அதற்கு மேல் நூற்றுக்கு அஞ்சு. "அது வாரம், விளைச்சல்ல பங்கு. ரொம்ப மலிவு வாரம்." கோடோ? "நம்ம சொந்தம்ப்பா." அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப பட்டா உன் பேர்ல, வழி அடுத்தவன் பேர்லயா?" என்றார். எங்களுக்கும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மூணு மா நிலம் இருக்கிறது. பக்கத்து வயல்காரர் அறுத்து முடித்தால்தான் எங்கள் வயலில் மெஷின் இறங்கும்.

அந்த வழிக்காகக் காத்திருந்ததுதான் எனக்கு இன்னும் எரிகிறது. ஆட்டத்தின் நடுவில் ஜாய்ஸ்டிக் இணைப்பு அறுந்தால் ஆட்டம் நின்று, மறுபடி இணைக்கச் சொல்ல வேண்டும். கன்சோல் கம்பெனியின் பரிசோதனையில் எங்கள் ஆட்டம் அதில் விழுந்தது. கணினியில் ஒழுங்காக நின்றது; கன்சோலில் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டே இருந்து வயல் மூழ்கியது. கோளாறு அவர்கள் எழுதிய பகுதியில். அந்த நிரலை நான் பார்க்க அனுமதி இல்லை. மெயில் போட்டால் நாலு நாள் கழித்து "பார்க்கிறோம்" என்று ஒரு வரி. ஆறு வாரம் ஆனது. நடுவில் எஞ்சினின் புதுப் பதிப்பு வந்தது, ஆனால் அவர்கள் பழையதிலேயே இருந்ததால் நாங்களும் நகர முடியவில்லை. திறந்த மூலம் என்று மேடை போட்டுப் பேசியவன், ஒரு மூடிய கதவுக்கு முன்னால் ஆறு வாரம் நின்றேன்.

நியாயமாகச் சொன்னால் யூனிட்டியிலும் கன்சோல் சும்மா வராது. புரோ உரிமமோ, கன்சோல் கம்பெனி அனுமதித்துத் தரும் சாவியோ வேண்டும். ஆனால் அங்கே கன்சோல் பகுதியை எழுதியவர்களும் எஞ்சினை எழுதியவர்களும் ஒரே வீட்டுக்காரர்கள். கோளாறு என்றால் ஒரே வாசலில் நின்று கத்தலாம்.

ஆகவே மாப்ள, கன்சோல்தான் முதல் குறி என்றால் கோடோவை எடுக்காதே. அன்ரியல் எடு; பத்து லட்சம் டாலரை நீ தாண்டினால் அந்த அஞ்சை நானே கட்டுகிறேன். எங்கள் இரண்டாவது ஆட்டத்தின் கோப்பு எந்த எஞ்சினில் இருக்கிறது என்று மட்டும் கேட்காதே. நேற்று ராத்திரிதான் அதில் "வெண்ணாறு" என்று அடித்துப் பார்த்தேன், ஒற்றைக்கொம்பு முன்னாலேயே நிற்கிறது.